வரையவும் வரும், நிரலும் எழுதுவேன்: எந்த வேலைக்குப் போவது?

கேள்வி: நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சென்னிமலை. அப்பா ஜக்கார்டு தறிகளுக்குப் பெட்ஷீட் டிசைன் வரைந்து அட்டை போட்டுக் கொடுக்கிறார். சிறு வயதிலிருந்தே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்து பழகியவள் நான். கல்லூரிக்கு வந்த பிறகு நிரல் எழுதுவதும் பிடித்துப்போய்விட்டது. வீடியோ கேம் உருவாக்கும் துறைக்குப் போக விரும்புகிறேன். ஓவியம், புரோகிராமிங் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோவையில் ஒரு பயிற்சி மையம் ஓராண்டுப் படிப்புக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறது. அப்பாவோ, "கேம் என்றால் ரம்மி மாதிரித்தானே, அதில் போய் என்ன வேலை?" என்கிறார். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப். இரண்டு திறமையும் ஒன்றாகப் பயன்படும் வேலை உண்டா? எங்கிருந்து தொடங்குவது? பெங்களூருக்குப் போயே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்கும் வேலை உண்டு. இரண்டு திறமையும் ஒருவரிடமே இருந்தால்தான் நடக்கும் வேலை அது. கேம் ஸ்டுடியோக்களில் அதற்கு டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். கோவையில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக நான் செய்துவருவதும் அதைத்தான். ஓவியர்கள் கண்ணுக்கு நிறைவானதைச் செய்து தருகிறார்கள். புரோகிராமர்கள் அது ஓடுவதற்கான அடித்தளத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அழகு ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் சூடேறாமலும் திக்காமலும் ஓட வேண்டுமானால், இரு தரப்பின் பேச்சும் புரிந்த ஒருவர் நடுவில் இருந்தாக வேண்டும். ஷேடர் (பரப்பின் நிறம், ஒளி, அசைவைக் கிராபிக்ஸ் சிப்பில் கணக்கிடும் சிறு நிரல்) எழுதுவது, கதாபாத்திரங்களுக்கு எலும்பு பொருத்தி அசைவுக்குத் தயார் செய்வது, ஓவியர்கள் அன்றாடம் அலுத்துக்கொண்டே செய்யும் வேலைகளைச் சுருக்கும் சிறு கருவிகளைப் பைத்தானில் எழுதிக் கொடுப்பது, ஒரு காட்சி எந்த இடத்தில் கனக்கிறது என்று அளந்து கண்டுபிடிப்பது ஆகியவையெல்லாம் அவர் பொறுப்பு. நான் பார்த்த வரையில், ஸ்டுடியோக்கள் ஆள் தேடி அலையும் பதவிகளில் இதுவும் ஒன்று.

உங்கள் அப்பா செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூவை வரைவதோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பூவைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த ஊடை ஓடும்போது எந்தப் பாவு நூல் மேலெழும்ப வேண்டும் என்று குறித்து, அதை அட்டையில் துளைகளாக்கி, ஜக்கார்டில் ஏற்றித் தறி நெய்து காட்டும்போதுதான் டிசைன் முடிகிறது. ஜக்கார்டில் எத்தனை கொக்கிகள் உண்டோ அத்தனைக்குள்தான் பூ அடங்க வேண்டும். நூல் ஓரிடத்தில் பின்னாமல் நீளமாக மிதந்துவிட்டால் துணி சிக்கும். இயந்திரத்தின் எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டே வரைகிற கை அது. துளையிட்ட அட்டையால் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் இந்த முறைதான் பின்னாளில் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கே வழிகாட்டியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று உங்களிடம் சொன்னவர்கள், உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் நடப்பதைப் பார்க்காதவர்கள்.

இந்த வேலை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு பயிற்சியைக் கொண்டே விளக்குகிறேன். நீங்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஒரு சந்து. அதில் கொடிகட்டிப் 15 பெட்ஷீட்டுகள் காயப்போட்டிருக்கின்றன; அவை காற்றில் அசைய வேண்டும்; அந்தக் காட்சி பத்தாயிரம் ரூபாய் போனில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓட வேண்டும். நொடிக்கு 60 என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி விநாடி. துணிக்கு மட்டுமல்ல, வானம், வீடுகள், கதாபாத்திரம், விளையாட்டின் விதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே அவ்வளவுதான் நேரம். துணியின் ஒவ்வொரு பகுதியையும் இயற்பியல் கணக்குப்படி அசைப்பதற்குக் கேம் எஞ்சின்களில் (விளையாட்டை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்கள்) வசதி இருக்கிறது. பின்னணியில் தொங்கும் துணிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஆகவே பெட்ஷீட்டை 3டியில் ஒரு வலையாகச் செய்துகொண்டு, வலையின் புள்ளிகளை வெர்டெக்ஸ் ஷேடரில் (புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடும் ஷேடர்) சீராக ஏறி இறங்கும் ஒரு சைன் அலையால் முன்னும் பின்னும் தள்ளுகிறோம். அப்படியே விட்டால், கொடியில் கிளிப் போட்டிருக்கும் மேல்விளிம்பும் சேர்ந்து ஆடும். பார்ப்பவர் யாராக இருந்தாலும் எங்கோ தப்பு என்று உடனே பட்டுவிடும். அதற்காகப் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அந்த வலையின் புள்ளிகளுக்கு நிறம் தீட்டுகிறோம். மேல்விளிம்பில் கறுப்பு, கீழே போகப்போக வெளுத்துக்கொண்டே போய் அடிவிளிம்பில் வெள்ளை. ஷேடர் அந்த நிறத்தை எண்ணாகப் படித்து அலையைப் பெருக்கிக்கொள்ளும். கறுப்பு என்றால் 0, அசைவே இல்லை. வெள்ளை என்றால் 1, முழு அசைவு. தூரிகையால் தீட்டிய நிறமே இங்கே கணக்கில் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

அதோடு தீரவில்லை. 15 பெட்ஷீட்டும் ஒரே தாளத்தில் ஆடும். அது காற்றாகவே தோன்றாது. ஒவ்வொரு துணியும் தொங்கும் இடத்தை அலையின் தொடக்கத்தோடு கூட்டிவிட்டால், காற்று சந்துக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் தோற்றம் வந்துவிடும். அடுத்தது ஒளி. புள்ளிகளை மட்டும் தள்ளிவிட்டு அவற்றின் நார்மலை, அதாவது அந்த இடத்தில் துணி எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையை, திருத்தாமல் விட்டால், துணி அசையும், அதன் மேல் விழும் வெயிலும் நிழலும் அசையாது. அதற்கடுத்தது டெக்ஸ்சர், அதாவது வலையின் மேல் போர்த்தும் படம். பெட்ஷீட் முழுவதையும் 2048-க்கு 2048 அளவில் ஒரே படமாக வரைந்தால், சுருக்காத நிலையில் அது நினைவகத்தில் 16 மெகாபைட் பிடிக்கும். நெசவு டிசைனோ திரும்பத் திரும்ப வருவதுதான். ஒரு ரிப்பீட்டை மட்டும் 256-க்கு 256 அளவில் வரைந்து அடுத்தடுத்துப் பதித்தால் கால் மெகாபைட்டில் முடிந்துவிடும். இந்த இடத்தில், இரு ஓரமும் ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொலைவில் தொங்கும் துணிகளில் நெருக்கமான கோடுகள் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். படத்தின் சிறிய பிரதிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும் மிப்மேப் முறை அதைத் தணிக்கும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும், அது தகும். 15 துணிக்கும் ஒரே மெட்டீரியலை (ஷேடரும் டெக்ஸ்சரும் சேர்ந்த அமைப்பு) வைத்து நிறத்தை மட்டும் மாற்றினால், கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் கட்டளைகளையும் ஒன்றாகக் கட்டி அனுப்பிவிடலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, அளவுகோல் எதுவும் விடைசொல்லாத கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: இது நிஜமாகவே காற்றுத்தானா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வரும் ஆடிக்காற்று ஒரே சீராக வீசுவதில்லை. ஓங்கி அடிக்கும், ஓயும், எதிர்பாராத நேரத்தில் மறுபடி அடிக்கும். ஒற்றைச் சைன் அலையால் அதைக் காட்ட முடியாது. வேகம் வேறுபட்ட இரண்டு அலைகளைக் கூட்டி, ஒழுங்கில்லாமல் மெல்ல மாறும் ஒரு நாய்ஸ் மதிப்பால் பெருக்கிப் பார்த்து, மொட்டைமாடியில் போய் நின்று உண்மையான துணியைப் பார்த்துவிட்டு வந்து எண்களைத் திருத்தி, மீண்டும் பார்க்க வேண்டும். என் வேலைநாளின் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது; இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு இது சலிக்கவில்லை. இந்த ஒரு காட்சியைச் செய்து முடித்து, முடிந்த வடிவம், அதன் வலை, தீட்டிய நிறம், போனில் எடுத்துக்கொண்ட மில்லி விநாடி ஆகியவற்றை ஒரு நிமிட வீடியோவில் அடுத்தடுத்துக் காட்டினால், டுடோரியல் பார்த்துச் செய்த பத்துப் பிரதிகளைவிட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஆனாலும் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எனக்கு இரண்டும் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிற புதியவர்களுக்கு வேலை கிடைப்பது கடினம். டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் பதவிக்குப் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் சில ஆண்டு அனுபவம் கேட்கின்றன. புதியவர்களுக்கான இடங்கள் புரோகிராமர் என்றோ ஆர்ட்டிஸ்ட் என்றோதான் அறிவிக்கப்படுகின்றன. ஆகவே உள்ளே நுழைவதற்கு ஒரு வாசலை முடிவு செய்தாக வேண்டும். உங்களைப் பொறுத்தவரை அது புரோகிராமிங் வாசலாக இருக்கட்டும் என்பது என் கருத்து. பட்டப்படிப்பு அதில் இருக்கிறது. கேம் துறையில் இடம் கிடைக்கத் தாமதமானால் அந்தத் திறமை வேறு இடத்திலும் சோறு போடும். வரைகிற கையோ ஏற்கெனவே பழகியிருக்கிறது, தினம் சிறிது நேரம் கொடுத்தால் அது மங்கிவிடாது. நேர்காணலில் நன்றாக நிரல் எழுதும் பத்துப் பேருக்கு நடுவே நீங்கள் எழுதிய ஷேடரின் காட்சி தனியாகத் தெரியும். உள்ளே வந்த பிறகு ஓவியர்களின் மேசைக்குப் போய், அவர்களுக்கு எது தலைவலியாக இருக்கிறது என்று கேட்டு, அதற்கு ஒரு சிறு கருவி எழுதிக் கொடுங்கள். டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் பதவிக்குப் பலரும் நகர்ந்த வழி அதுதான்.

கணிதத்தில் வெக்டர், மேட்ரிக்ஸ், முக்கோணவியல் ஆகிய மூன்றையும் தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிடாமல், கண்ணால் பார்த்துப் பழகுங்கள். வெயில் வரும் திசைக்கும் துணியின் நார்மலுக்கும் இடையிலான டாட் புராடக்ட்தான் அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதைச் சொல்கிறது. அதைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டவர்களுக்குச் சூத்திரம் மறப்பதில்லை. மொழிகளில் இப்போதைக்குச் சி ஷார்ப் அல்லது சி பிளஸ் பிளஸ் ஒன்றை ஆழமாகவும், பைத்தானைக் கருவி எழுதும் அளவுக்கும் கற்றுக்கொண்டால் போதும்.

உங்கள் லேப்டாப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோடோ எஞ்சின் முழுக்க இலவசம். 2014 முதல் திறமூலமாகக் கிடைக்கிறது. பழைய கணினிகளுக்கென்றே அதில் காட்சியை வரைந்து காட்டக் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிளெண்டரும், படம் வரைவதற்கான கிரிட்டாவும் அப்படியே இலவசம். யூனிட்டியில் வேலைவாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டாவது எஞ்சினாக அதைக் கற்கலாம்; அதன் பர்சனல் பதிப்புக்கு, ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாத வரை கட்டணம் இல்லை. அன்ரியல் எஞ்சினை உங்கள் கணினி தாங்காது. இப்போது அதற்காகப் புதுக் கணினி வாங்கவும் வேண்டாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பலரைக் கலங்கவைத்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அதனால்தான் ஒரே எஞ்சினை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டாம் என்று இளையவர்களிடம் சொல்லிவருகிறேன். ஷேடர், கணிதம், அளந்து பார்க்கும் பழக்கம் இவை எந்த எஞ்சினுக்கும் உங்களோடு வரும்.

பெட்ஷீட் காட்சிக்குப் பிறகு, சிறியதாக இருந்தாலும் முழு விளையாட்டு ஒன்றைச் செய்து முடியுங்கள். ஆடுபுலி ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும். ஊருக்கு ஊர் சற்று மாறும் என்பதால் உங்கள் அமுச்சியிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சதுரங்கம்போல் இது சதுரக் கட்டங்களில் நடப்பதில்லை. எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி அண்டை, எதைத் தாண்டினால் எங்கே போய் விழலாம் என்பதைத் தனிப் பட்டியலாகத் தர வேண்டும். கிராஃப் என்று வகுப்பில் படித்தது இங்கே உயிர்பெறும். எதிராளியாகக் கணினியை ஆடவைப்பதற்கு மினிமேக்ஸ் (எதிராளியின் சிறந்த பதிலையும் கணக்கிட்டு அடுத்த நகர்வைத் தேர்வது) எழுதினால் அல்காரிதத்திலும் பயிற்சியாகிவிடும்.

ஆனால் இந்த ஆட்டத்தை நான் சொல்வதற்குக் காரணம் வேறு. இரு பக்கத்துக்கும் பலம் ஒன்றாக இல்லாத ஆட்டம் இது. புலிக்கு வெட்டும் உரிமை இருக்கிறது. ஆட்டுக்கு எண்ணிக்கை இருக்கிறது. ஆடுகள் அனைத்தையும் வைத்து முடிக்கும் வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. ஆகவே புதிதாக ஆடுபவர் ஆட்டுப் பக்கம் எடுத்தால், முதல் சில ஆடுகளை நடுவில் தனித்தனியாக வைத்து வெட்டுக்கொடுத்துவிட்டு, ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் போனை ஓரமாக வைத்துவிடுவார். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதாமல், ஓரங்களிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதை அவருக்கு எப்படி உணர்த்துவீர்கள்? ஆபத்தான புள்ளியைப் புலி திரும்பிப் பார்க்கலாம். பக்கத்துணை இல்லாத ஆடு காதை ஆட்டலாம். முதல் ஆட்டத்தில் கணினிப் புலி சற்று மந்தமாக நடக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் ஓவியம், அனிமேஷன், நிரல், ஆட்டத்தின் சமநிலை ஆகிய நான்கையும் தொடுகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெனு, ஒலி, மறுபடி ஆடும் பொத்தான் எல்லாம் சேர்த்து முடித்து, இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றிவிடுங்கள். கூகுள் பிளேயில் ஏற்ற ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர். அவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாகச் செய்வது பிறரோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரியின் இறுதியை ஒட்டி நடக்கும் குளோபல் கேம் ஜாமில் இரண்டு மூன்று வகுப்புத் தோழர்களோடு கலந்துகொள்ளுங்கள். தலைப்பை அவர்கள் கொடுப்பார்கள். குறுகிய காலத்துக்குள் ஒரு விளையாட்டைக் கூட்டாகச் செய்ய வேண்டும். கிட் (Git, கூட்டாக எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பயன்படுத்துவது, பைல்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பது, நேரம் போதாதபோது எதை வெட்டுவது என்று சண்டையில்லாமல் முடிவு செய்வது ஆகியவற்றைத் தனியாக உட்கார்ந்து யாரும் கற்றதில்லை.

பயிற்சி மையத்துக்கு இரண்டரை லட்சம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன். கடன் வாங்கிக் கட்டவே வேண்டாம். ஏற்கெனவே கணினி அறிவியல் படிக்கும் ஒருவருக்கு அங்கே கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி எஞ்சின்களின் அதிகாரபூர்வ ஆவணங்களிலேயே இலவசமாக இருக்கிறது. அப்படியும் சேரத் தோன்றினால், சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் செய்த விளையாட்டுகளைக் கேட்டு வாங்கி உங்கள் போனில் ஓட்டிப் பாருங்கள். வேலைக்குப் போனவர்கள் என்று அவர்கள் காட்டும் படங்களில் உள்ள இரண்டு பேரோடு நேரில் பேசுங்கள். பாடம் நடத்துபவர் எந்த விளையாட்டில் வேலை செய்திருக்கிறார் என்று விசாரியுங்கள். இவற்றில் எதற்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். முறையான மேற்படிப்பு வேண்டுமானால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்ற முதுகலைப் படிப்பே இருக்கிறது. நுழைவுத்தேர்வு கடினமானது, தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு அங்கே போவது இன்னும் பயன் தரும் என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பாவின் பயம் நியாயமானது. அதை அலட்சியம் செய்யாதீர்கள். இணைய ரம்மியில் பணத்தை விட்டுக் குடும்பத்தோடு தவித்தவர்களை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொழில் வேறு, நீங்கள் போக விரும்பும் தொழில் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பணயம் இல்லாத விளையாட்டுகளையும் அவற்றிலிருந்து பிரித்து, ஊக்குவிக்க வேண்டியவை என்றே அது வைக்கிறது. இதை அவரிடம் வாதமாகச் சொல்வதைவிட, பெட்ஷீட் காட்சியை முடித்ததும் அவரையே உட்காரவைத்து ரிப்பீட் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். அவர் காணும் குறை எதுவாக இருந்தாலும் அது உங்களுக்குப் பயன்படும்.

துறையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. பெரிய பெயருள்ள ஸ்டுடியோக்களும் மூடப்பட்டன. வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் இரவும் பகலுமாக வேலை வாங்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. புதியவர்களின் சம்பளம், பெரிய ஐ.டி. நிறுவனங்களில் சேரும் உங்கள் தோழிகளின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஏ.ஐ. படம் வரைந்து தருகிறதே, இனி ஆள் எதற்கு என்றும் கேட்பார்கள். படம் கிடைப்பதற்கும், அந்தப் படம் விளையாட்டின் பிற படங்களோடு ஒத்துப்போய், அசைந்து, போனின் நினைவகத்துக்குள் அடங்குவதற்கும் நடுவே நிறைய வேலை இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நம் தொழில் நிற்கிறது. வெறும் படம் மட்டும் செய்து தரும் பணிகள் குறையும் என்றே நான் நினைக்கிறேன். நிரலை வாசலாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேம் துறையில் கதவு திறக்கத் தாமதமானால், இதே திறமையைக் கேட்கும் தொழில்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆடையைத் துணி வெட்டாமல் திரையிலேயே தைத்துப் பார்க்க உதவும் குளோ என்ற 3டி மென்பொருளை ஆயத்த ஆடைத் துறையில் பயன்படுத்துகிறார்கள். அதை உருவாக்கிய அதே கொரிய நிறுவனத்தின் மார்வலஸ் டிசைனர் என்ற மென்பொருளைக் கொண்டுதான் பல ஸ்டுடியோக்களில் கேம் கதாபாத்திரங்களுக்கு ஆடை தைக்கிறார்கள். இரண்டிலும் பேட்டர்ன் துண்டுகளை வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கும் முறை ஒன்றுதான். திருப்பூரில் பேட்டர்ன் போடும் அனுபவசாலி ஒருவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கதாபாத்திரத்துக்கு நிஜமாகவே பொருந்துகிற ஒரு சட்டையைச் செய்து காட்டினால், வெளியூர் ஸ்டுடியோவிலும் அதைக் கவனிப்பார்கள். கோவையின் பம்பு, ஜவுளி இயந்திர நிறுவனங்களுக்கு இயந்திரத்தைக் கழற்றி மாட்டக் கற்றுத்தரும் 3டி செயலிகளைச் செய்து தரும் வேலைகளும் இதே வகையைச் சேர்ந்தவையே.

இனிப் பெங்களூரு. இந்தியாவின் முன்னோடி கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997-இல் அங்கேதான் தொடங்கியது. 2019-இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. யூபிசாஃப்ட் புனேயிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. கோவையில் இருப்பவை பெரும்பாலும் சிறு குழுக்கள். வீட்டிலிருந்தே வேலை என்று தொடங்கும் புதியவர்களுக்குத் தவறைப் பக்கத்திலிருந்து திருத்த ஆள் இருப்பதில்லை. ஆகையால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை அனுபவசாலிகள் நிறைந்த ஓர் ஸ்டுடியோவில், அது எந்த ஊரில் இருந்தாலும், கழிப்பது நல்லது. பிறகு ஊர் திரும்பி இங்கிருந்தே வேலை செய்பவர்கள் உண்டு, அம்மணி. நானும் அப்படித் திரும்பியவன்தான். கடைசி செமஸ்டர் முடியும் வரை காத்திராமல், மேலே சொன்ன பயிற்சிகளில் இரண்டு முடிந்தவுடனேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். தேர்வுப் பணி ஒன்று கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் முடிகிற அளவென்றால் மனமாரச் செய்து கொடுங்கள். சம்பளம் பேசாமல் வாரக்கணக்கில் செய்யச் சொல்லி, அதுவும் அவர்களுடைய விளையாட்டில் அப்படியே பயன்படுத்தக்கூடிய வேலையாக இருந்தால், மரியாதையாக மறுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் அனுப்புங்கள்.